நொய்யல் கரை முதலாளிகள்

நொய்யல் பெரிய ஆறு அல்ல. வெள்ளியங்கிரி மலைச்சரிவில் இறங்கி, பேரூரை ஒட்டி வந்து, கோயமுத்தூரின் குளங்களுக்குத் தண்ணீர் கொடுத்து, சூலூர், திருப்பூர் வழியாகச் சுமார் 180 கிலோமீட்டர் கடந்து, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே வைத்துக்கொண்டிருக்கும் ஒரு சிற்றூர் அருகே காவிரியில் சேர்கிறது. மழைக்காலத்துச் சில வாரங்களை விட்டால் அதில் ஓடுவது பெரும்பாலும் ஊர்க் கழிவுநீர்தான். கோயமுத்தூரிலிருந்து ஈரோடு போகும் பாசஞ்சர் ரயில் இந்த ஆற்றை விட்டு அதிகம் விலகாமல் செல்கிறது. இருகூர், சூலூர் ரோடு, சோமனூர், வஞ்சிபாளையம், திருப்பூர், ஊத்துக்குளி என்று ஸ்டேஷன்கள் வரும். ஜன்னலோரம் இடம் கிடைத்தவர் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது. தென்னந்தோப்பு முடிந்து ஊர் இன்னும் தொடங்காத இடத்தில்கூட ஒரு தகரக் கொட்டகை நிற்கும். அதன் நெற்றியில் ஒரு பெயர்ப்பலகை. பலகையில் ஒரு சாமி பெயர் அல்லது பெற்ற பிள்ளையின் பெயர். அதற்குப் பின்னால் டெக்ஸ், நிட்ஸ், இன்ஜினியரிங் என்று ஒரு வால். இத்தனை பேரை முதலாளியாக்கியது எது என்பதுதான் இந்தப் பயணம் முழுக்கக் கூடவே வருகிற கேள்வி.

மேடைகளில் இதற்குத் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: கனவு, துணிச்சல், புது யோசனை. நொய்யல் கரையில் இந்த மூன்றும் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. பக்கத்துக் கொட்டகை செய்வதையே இந்தக் கொட்டகையும் செய்கிறது, அதே மெஷினில், அதே கூலிக்கு. புதுமையைத் தேடி இறங்குபவருக்கு ஏமாற்றம்தான். இங்கே கிடைக்கும் விடை கொஞ்சம் சப்பென்றுகூட இருக்கும். தன்னைப் போன்ற ஒருவன், தன்னைவிடப் பெரிய சமர்த்தன் என்று சொல்ல முடியாத ஒருவன், சொந்தமாகத் தொழில் வைத்துப் பிழைப்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் தினமும் பார்ப்பதே ஆளைத் தூண்டுகிறது. ‘அவனே கம்பெனி வெச்சுட்டான், நமக்கு ஆகாதா?’ என்கிற ரோஷம் அது. பெரிய மனிதர்களின் வெற்றிக் கதை நம்மை வியக்க வைத்துவிட்டுப் போய்விடும். சமமானவனின் சின்ன வெற்றியோ ராத்திரி தூங்க விடாது. இதுவே என் கட்சி. இதற்கு எதிராகச் சொல்லத்தக்கவை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறிக்கொள்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கோயமுத்தூரில் தொடங்குவோம். ஊர் ஸ்டேன்ஸ் மில் என்றழைத்த முதல் நூற்பாலை 1888இல் வந்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் வரிசையாக எழுந்தன. மேற்கே மலை மழையை வாங்கிக்கொள்கிற மறைவுப் பிரதேசம் இது. கிணற்றை ஆழமாக வெட்டினால்தான் வெள்ளாமை. ஆகவே மின்சாரம் மில்லுக்குப் போன வேகத்திலேயே கிணற்றுமேட்டுக்கும் போனது, அதோடு பம்புசெட் தேவையும் வந்தது. ஒரு மோட்டார் பம்பைப் பிரித்துத் தரையில் பரப்பிப் பார்த்தால் இந்த ஊரின் கதை முழுதும் தெரிந்துவிடும். மரத்தில் பேட்டன் செய்பவர் ஒருவர். அதை மண்ணில் பதித்து இரும்பு வார்ப்பது வார்ப்படப் பட்டறை. தண்டைக் கடைந்து தருவது லேத் பட்டறை. செம்புக் கம்பி சுற்றுவது வைண்டிங் தெரிந்த இன்னொருவர். பெயின்ட் அடித்துப் பெயர்த்தகடு ஒட்டுகிறவர் மட்டும் ‘கம்பெனி’. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் சந்துக்குள் நுழைந்தால் பட்டறை வாசலில் நீலம் பாரித்த இரும்புச் சுருள் குவிந்து கிடக்கும். உள்ளே ஒரே ஒரு லேத், பக்கத்தில் ஒரு டிரில்லிங் மெஷின், சுவரில் சாமி படம், ஸ்டூலில் உட்கார்ந்து வெர்னியர் வைத்து அளந்துகொண்டிருப்பவர்தான் முதலாளி, தொழிலாளி, கணக்குப்பிள்ளை எல்லாம். முழு மோட்டார் செய்ய ஒருவருக்குத் துணிச்சல் வராமல் போகலாம். தண்டு மட்டும் கடைவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்? நேற்றுவரை கூலிக்கு அதைத்தானே செய்துகொண்டிருந்தார். வேலை துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிற ஊரில் படி உயரம் குறைகிறது. யார் ஏறுகிறார் என்பது தெருவுக்கே தெரிகிறது.

உடனே ஒரு மறுப்பு வரும். கோயமுத்தூர் என்றாலே ஜி.டி.நாயுடு அல்லவா, அவர் யாரைப் பார்த்து ஆரம்பித்தார் என்று. நியாயமான கேள்வி. கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, ஓட்டல் சிப்பந்தியாக வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கிப் பிரித்துப் பார்த்தவர் அவர். 1920இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சி – பழனி தடத்தில் தானே ஓட்டினார். அதற்கு ராபர்ட் ஸ்டேன்ஸ் பணம் கொடுத்து உதவினார் என்பதும் ஊரறிந்த கதை. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவும் அவரும் சேர்ந்து மின்மோட்டார் செய்தார்கள். இப்படிப்பட்டவர்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. 1955இல் மாவரைக்கும் கிரைண்டரைச் செய்துகாட்டிய சபாபதியும் அந்த வரிசைதான். ஆனால் முதலாவது கிரைண்டர் ஏன் வந்தது என்பது ஒரு கேள்வி, நூற்றுக்கணக்கான கிரைண்டர் கம்பெனிகள் ஏன் வந்தன என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதல் கேள்விக்கு மேதைமை பதில். இரண்டாவதுக்கு மேதைமை பதிலாக முடியாது. ஒரு ஊரில் அத்தனை மேதைகள் பிறப்பதில்லை. ஒருவர் செய்துகாட்டியதும், அவரிடம் ஃபிட்டராக இருந்தவர், அவருக்கு டிரம் செய்து கொடுத்தவர், அவருக்குக் கல் கொத்தி அனுப்பியவர் என்று ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போனார்கள். ஊத்துக்குளிப் பக்கத்துக் கல் இல்லாமல் கோவை கிரைண்டர் இல்லை. புவிசார் குறியீட்டுக்கே அந்தக் கல்லும் ஒரு காரணம். அவரவர் கையில் தொழிலின் ஒரு துண்டு ஏற்கெனவே இருந்தது. மீதித் துண்டுகள் யாரிடம் இருக்கின்றன என்பதும் தெரிந்திருந்தது. சிறுதொழிலைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் முதல் ஆளையே பேசுகிறோம். கற்றுக்கொள்ள வேண்டியது நாற்பதாவது ஆளிடம்.

சோமனூர் ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போது எஞ்சின் சத்தம் அடங்கியபின் இன்னொரு சத்தம் கேட்கும். விசைத்தறி. வீட்டுக்குப் பின்னால், தோட்டத்துச் சாளையில், ரோட்டோரக் குடோனில் என்று எங்கும் தடக் தடக். என் கட்சிக்கு மிகவும் சங்கடமான ஊர் இதுதான். நாலு தறியோ எட்டுத் தறியோ வைத்திருப்பவர் தறிக்குச் சொந்தக்காரர், கரண்ட் பில் அவர் பெயரில்தான் வருகிறது, பாங்கிக் கடனும் அவர் தலையில். ஆனால் பாவு அவருடையதல்ல, ஊடை நூல் அவருடையதல்ல, நெய்த துணியும் அவருடையதல்ல. ஜவுளி உற்பத்தியாளர் பாவைக் கொடுக்கிறார், மீட்டருக்கு இவ்வளவு பைசா என்று கூலி தருகிறார். கூலி உயர்வு கேட்டுத் தறி உரிமையாளர்களே வேலைநிறுத்தம் செய்கிற விநோதம் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் திரும்பத் திரும்ப நடக்கிறது. 2022இன் தொடக்கத்திலும் வாரக்கணக்கில் தறிகள் நின்றன. இவரை முதலாளி என்பதா? பாவு கொடுப்பவர் ஏற்க வேண்டிய கொட்டகை வாடகையையும் மெஷின் தேய்மானத்தையும் சேர்த்து இவர் தலையிலேயே கட்டிவிடுகிற ஏற்பாடு அல்லவா இது என்று கேட்பவர்களை மறுக்க என்னிடம் வார்த்தை இல்லை. பக்கத்து வீட்டைப் பார்த்து எழுகிற ரோஷம் லாபம் இருக்கிறதா என்று கணக்குப் பார்த்துவிட்டு வருவதில்லை. பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது என்பதுதான் கண்ணுக்குத் தெரியும். அவர் வீட்டுக் கடன் நோட்டு தெரியாது. தூண்டுதல் எப்படிப் பிறக்கிறது என்பது வேறு, தூண்டப்பட்டவர் நன்றாக இருக்கிறாரா என்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் இந்தத் தடத்தில் ஒன்றும் விளங்காது.

திருப்பூர் வந்ததும் ரயில் பாதி காலியாகிவிடுகிறது. காலை எட்டு மணி வாக்கில் ஸ்டேஷனை விட்டு வெளியே வருபவரைச் சுவர்தான் முதலில் வரவேற்கும். ‘ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை’, ‘செக்கிங், கைமடி ஆட்கள் தேவை’, ‘பீஸ் ரேட், வாரச் சம்பளம்’ என்று கையெழுத்திலும் அச்சிலும் ஒட்டிய காகிதங்கள். வேலை தேடுபவன் சுவரைப் படிக்க வேண்டிய ஊர்; சுவரே இவ்வளவு பேசினால் தேநீர்க்கடை எவ்வளவு பேசும் என்று ஊகித்துக்கொள்ளலாம். ரோட்டில் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிகள், முன்னும் பின்னும் வெட்டுத்துணிக் கட்டு, ஓட்டுபவரின் தலை மட்டும் மேலே தெரியும். நூல் ஒரு இடத்தில், நிட்டிங் ஒரு இடத்தில், சாயம் இன்னொன்றில், காம்பாக்டிங், பிரின்டிங், எம்பிராய்டரி, கட்டிங், தையல், காஜா பட்டன், பிசிர் வெட்டு, செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒரு டீ-ஷர்ட் ஊரைச் சுற்றி வந்த பிறகுதான் அட்டைப்பெட்டிக்குள் போகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு முதலாளி இருக்கிறார்.

அப்படி ஒரு நிறுத்தத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உள்ளே எட்டுப் பவர் மெஷின்: நாலு ஓவர்லாக், இரண்டு பேட்லாக், இரண்டு சிங்கர். எதுவும் புதிது அல்ல. மேலே பழைய கம்பெனியின் ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம் இருக்கும். கட்டிங் முடிந்த துணி கட்டுக் கட்டாக வந்து இறங்கும், ஒவ்வொரு கட்டிலும் சைஸும் எண்ணிக்கையும் எழுதிய துண்டுச்சீட்டு. முதலாளி என்று யாரும் தனியாக உட்கார்ந்திருக்க மாட்டார். ஆள் வராத மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பவர்தான் அவர். அவருடைய மனைவி மூலையில் பிசிர் வெட்டிக்கொண்டிருப்பார். அந்த உழைப்புக்குச் சம்பளக் கணக்கு கிடையாது, பலகையில் பெயரும் கிடையாது. (‘சுயமாக முன்னேறியவர்’ கதைகள் எல்லாவற்றிலும் இப்படி மூலையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், கதை சொல்பவர்தான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.) ராத்திரி எட்டு மணிவரை ஓடினால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டும், ஆனால் வேலை கொடுத்த கம்பெனி பணம் தர முப்பது நாளோ அறுபது நாளோ ஆகும். இடையில் இருக்கிற பள்ளத்தை நிரப்புவது சீட்டுப் பணமும் கைமாற்றும். இந்த மனிதரிடம் இல்லாத ஒன்று யோசனை, தேவைப்படாததும் அதுதான். எந்த சைஸ், எந்தத் தையல், எத்தனை பீஸ் என்பதை எல்லாம் வேறு யாரோ முடிவு செய்துவிட்டார்கள். அவர் முடிவு செய்தது ஒன்றே ஒன்று: கூலிக்கு ஓட்டிய மெஷினைச் சொந்தமாகப் போடுவது. அந்த முடிவுக்கான தைரியம் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்தவன் இரண்டு வருஷத்துக்கு முன் அதையே செய்தபோது வந்தது.

இது வெறும் ஊகம் என்று ஒதுக்க முடியாதபடி சில ஆய்வுகள் இருக்கின்றன. டென்மார்க்கின் வேலைப் பதிவேடுகளை வைத்து ரமணா நந்தாவும் யெஸ்பர் சோரன்சனும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, முன்பு சொந்தத் தொழில் நடத்திய சகஊழியர்களோடு வேலை பார்த்தவர்கள் தாங்களும் தொழில் தொடங்குவது கூடுதல் என்று காட்டியது. டென்மார்க் எங்கே திருப்பூர் எங்கே என்று கேட்கலாம். ஆனால் ஓவர்லாக் மெஷின் முன்னால் இருந்தாலும் கணினி முன்னால் இருந்தாலும் மனிதர்கள் பக்கவாட்டில்தான் பார்க்கிறார்கள். திருப்பூரைப் பற்றியே ஷரத் சாரி எழுதிய ஆங்கில நூல் 2004இல் வந்தது. குடியானவர்களாகவும் கூலிகளாகவும் வந்து பனியன் கம்பெனிகளுக்குள் நுழைந்தவர்கள் எப்படி முதலாளிகளானார்கள் என்பதே அதன் பொருள். தங்கள் முதல் எது என்று கேட்டால் அவர்கள் ‘உழைப்பு’ என்றே சொன்னதை அவர் விரிவாக ஆராய்கிறார். ஆனால் அந்த உழைப்பு காற்றில் தனியாக மிதக்கவில்லை. லேபர் கான்ட்ராக்ட், அப்புறம் ஜாப் ஒர்க், அப்புறம் சொந்தக் கம்பெனி என்று படிகள் இருந்தன. அந்தப் படிகளில் சிலவற்றைப் பெரிய முதலாளிகளே தங்கள் வசதிக்குக் கட்டினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூரில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. ஒரே கூரையின் கீழ் நிறையத் தொழிலாளிகளை வைத்திருப்பது தொல்லை என்று கண்டவர்களுக்கு, வேலையைச் சின்னச் சின்னக் கொட்டகைகளுக்குப் பிரித்துவிடுவது நல்ல வழியாகத் தெரிந்தது. நேற்றுக் கொடி பிடித்தவன் இன்று எட்டு மெஷினுக்கு முதலாளி. இனி அவன் யாரிடம் பஞ்சப்படி கேட்பான்?

தோற்றவர்களைப் பற்றி என்ன என்ற கேள்வியும் நிற்கிறது. கண்ணுக்குத் தெரிகிற பக்கத்து வீட்டுக்காரன் தப்பிப் பிழைத்தவன். மூடிவிட்டுப் போனவன் கண்ணில் படமாட்டான், எனவே இந்த ரோஷம் ஒருவகை ஏமாற்று என்று சொல்லலாம். பாதி உண்மை. காலியான கொட்டகையில் மறு மாதமே வேறு பெயர்ப்பலகை ஏறிவிடுகிறது, மெஷின்கள் செகண்ட் ஹேண்ட் கடைக்குப் போய் வேறொருவர் வீட்டுக்கு வருகின்றன, தோல்விக்கு அடையாளமே மிஞ்சுவதில்லை. 2016 நவம்பரில் பணம் செல்லாமல் போனபோதும், 2017இல் ஜிஎஸ்டி வந்தபோதும், 2020 ஊரடங்கிலும் மூடியவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் இன்னொரு பக்கம் பார்க்க வேண்டும். திருப்பூரில் தோற்றவன் திங்கட்கிழமை காலை வேறொரு கம்பெனியில் டெய்லராக உட்கார்ந்துவிட முடியும்; சுவர் முழுக்க ஆள் கேட்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறதே. கடன் இருக்கும், மானம் போகும், ஆனால் சோறு போகாது. மாதச் சம்பளக்காரர் வேலையை விட்டுத் தொழில் தொடங்கப் பயப்படுவதும் இவர் பயப்படாததும் இரண்டு மனங்களின் வித்தியாசம் அல்ல. விழுந்தால் தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதன் வித்தியாசம்.

இதற்கெல்லாம் ஒரே சொல்லில் விளக்கம் சொல்பவர்கள் உண்டு: சாதி. கொங்கு வேளாளக் கவுண்டர்களுக்குள் பணம் புரள்கிறது, ஒருவரை ஒருவர் தூக்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான் என்பார்கள். இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும். 2004இல் வெளியான அவர்களுடைய திருப்பூர் ஆய்வில், கவுண்டர் உரிமையாளர்கள் வெளியிலிருந்து வந்தவர்களைவிடக் கணிசமாக அதிக முதலோடு தொடங்கியிருந்தார்கள். ஆனால் வெளியாரின் கம்பெனிகள் வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் உற்பத்தியில் இவர்களை முந்திவிட்டன. திறமை அதிகமாக இருந்த இடத்துக்குப் பணம் போகவில்லை, பழக்கம் இருந்த இடத்துக்குப் போயிருக்கிறது. சாதிதான் விளக்கம் என்பவர்களுக்கு இது பாதி வெற்றி. ஆனால் சாதி இங்கே ரத்தத்தில் ஊறிய வியாபார புத்தியாக வேலை செய்யவில்லை என்பதையும் இதே ஆய்வு காட்டிவிடுகிறது. அப்படி ஊறியிருந்தால் வெளியார் முந்தியிருக்க மாட்டார்கள். உள்ளூர்க்காரருக்கு அது நுழைவுச்சீட்டு. சுமாரான ஆளும் நுழைய முடிந்தது. வெளியாரில் கெட்டிக்காரர்கள் மட்டுமே நுழைந்தார்கள். சுமாரான ஆள் நுழைய முடிவதுதான் அடுத்த சுமாரான ஆளைத் தூண்டுகிறது என்பது என் வாதத்தின் நடுமையம். ‘அவனே’ என்ற சொல்லில் இருக்கிற அந்த ஏகாரத்தைக் கொஞ்சம் காதில் வாங்க வேண்டும். அது புகழ்ச்சி அல்ல.

அந்த ஏகாரம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பதும் இதே கரையில்தான் தெரிகிறது. திருப்பூரைச் சுற்றிய கிராமங்களில் நெடுங்காலம் ஆய்வு செய்த கீர்ட் டி நேவே, கிரேஸ் கார்ஸ்வெல் இருவரும், விசைத்தறிகளில் வேலை செய்யும் தலித் தொழிலாளிகள் முன்பணத்தால் கட்டுண்டு கிடப்பதை எழுதியிருக்கிறார்கள். தறி முதலாளி முன்பணம் கொடுக்கிறார், அதைத் தீர்க்கும்வரை வேறு இடம் போக முடியாது, தீர்ப்பதற்குள் இன்னொரு முன்பணம். பார்ப்பது மட்டுமே போதும் என்றால் இவர்கள்தான் முதலில் தறி போட்டிருக்க வேண்டும். அவர்களைவிடப் பக்கத்திலிருந்து தறியைப் பார்த்தவர் யார்? என் வாதத்தை இங்கே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கண்ணால் பார்ப்பது பாதிதான். தானும் அவனும் ஒரே தரம் என்று இவன் நினைப்பதோடு, கடனுக்கு நூல் கொடுப்பவரும், கொட்டகையை வாடகைக்கு விடுபவரும், ஜாமீன் போடுபவரும் அப்படியே நினைக்க வேண்டும். சமம் என்று ஊர் ஒத்துக்கொள்ளாத இடத்தில், ஆறடித் தூரத்தில் ஓடுகிற தறியும் வேறு தேசத்தில் ஓடுகிற மாதிரிதான். பட்டியலினத்தவர் தொடங்கும் தொழில்களுக்கு 35 சதவீத மூலதன மானியம் தருகிற அண்ணல் அம்பேத்கர் திட்டத்தைத் தமிழக அரசு 2023இல் கொண்டுவந்தது. பணத் தடையை அது தளர்த்தும். ஊரார் பார்வையை மானியம் போட்டு மாற்ற முடியுமா என்பது வேறு விஷயம்; ஆனால் ஒரு தெருவில் முதல் ஆள் எழுந்து நின்றுவிட்டால், அந்தத் தெருவின் இரண்டாவது ஆளுக்கு அது எந்தப் பயிற்சி முகாமையும்விட மேல்.

வறுமையை விட்டுவிட்டாயே என்பார்கள். வானம் பொய்த்தது, கிணறு வற்றியது, வேறு வழியில்லாமல் தொழிலுக்கு வந்தார்கள், இதில் தூண்டுதல் எங்கே என்று. இந்தியாவின் ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பும் அவர்கள் பக்கம் சாய்கிற மாதிரிதான் இருக்கிறது: 5.85 கோடி தொழில் அமைப்புகள், அவற்றில் சுமார் 13.1 கோடி பேர், ஒன்றுக்குச் சராசரியாக இரண்டு பேருக்குச் சற்று மேல். இவற்றில் பெரும்பகுதி வேறு வேலை கிடைக்காததால் விரித்த கடைதான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வறட்சி ஒருவனைக் காட்டை விட்டு வெளியே தள்ளுமே தவிர, எந்த வாசலுக்குள் போக வேண்டும் என்று சொல்லாது. கொங்கு நாட்டைப் போலவே காய்ந்த பூமிதான் ராமநாதபுரமும். அங்கே பக்கத்து வீட்டுக்காரன் பாஸ்போர்ட் எடுத்தான், ஆகவே இவனும் பாஸ்போர்ட் எடுத்து வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ போனான். திருச்செங்கோட்டில் பக்கத்து வீட்டுக்காரன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் பங்கு போட்டான், இவனும் உறவுக்காரர்களோடு சேர்ந்து ஒரு வண்டி எடுத்தான்; தன் ஊரில் இல்லாத தண்ணீரை இந்தியா முழுக்கத் தோண்டிக் கொடுக்கிறார்கள். சிவகாசியில் 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுவந்தார்கள், ஊரே தீப்பெட்டிக்குத் திரும்பியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமென்று அச்சுத்தொழில் வந்தது, மருந்து கையாளத் தெரிந்ததால் பட்டாசு வந்தது. மூன்று ஊரிலும் தள்ளியது ஒரே வெயில். போய்ச் சேர்ந்த இடம் மட்டும் மூன்று.

அரசாங்கம் இதில் செய்தது எதுவும் இல்லையா என்றால், உண்டு, ஆனால் மேடையில் அல்ல. சிறுதொழிலுக்கென்று சில பொருள்களை ஒதுக்கிவைக்கும் கொள்கை 1967இல் தொடங்கியது; கடைசியாக மிச்சமிருந்த 20 பொருள்களை 2015இல் விடுவித்தார்கள், தீப்பெட்டியும் பட்டாசும் ஊறுகாயும் அவற்றில் சேர்த்தி. பின்னலாடையும் நெடுங்காலம் அந்தப் பட்டியலில் இருந்தது. பெரிய மில்கள் உள்ளே வராததால்தான் நாற்பதாவது ஆளுக்கு இடம் கிடைத்தது. ஊக்கப் பேச்சாளர் ஒருவரை வரவழைத்து ஒரு நாள் கூட்டம் நடத்துவதைவிட, தவணை தவறாமல் ஜாப் ஒர்க் பணத்தைப் பட்டுவாடா செய்ய வைக்கிற ஒரு சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்தினால் நூறு பேர் தொழில் தொடங்குவார்கள் என்றே தோன்றுகிறது. 2006இன் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. கொடுக்காத கம்பெனியின் மேல் புகார் செய்தால் அடுத்த ஆர்டர் வராது என்பது கொட்டகைக்காரருக்குத் தெரியும்.

திருப்பூரைத் தாண்டி நொய்யலோடு கிழக்கே போனால் சென்னிமலை, காங்கயம் பக்கம் ஒரத்துப்பாளையம் அணை வரும். பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் கட்டியது. சாயப்பட்டறைக் கழிவு வந்து தேங்கியதில் அணை பயிருக்கு உதவாமல் போய், சுற்றுவட்டக் கிணறுகளும் கெட்டன. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவு ஒரு சொட்டும் வெளியேறாத ஏற்பாடு செய்யும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. அவனைப் பார்த்து இவன், இவனைப் பார்த்து இன்னொருவன் என்று பெருகுகிற தொழிலில் கழிவும் அதே வேகத்தில்தான் பெருகும். தன் பட்டறை ஒன்றால் ஆறு கெட்டுவிடுமா என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். தனித்தனியாக அவர்கள் நினைத்தது சரிதான். சுத்திகரிப்பு நிலையத்தின் செலவைத் தாங்க முடியாமல் முதலில் போனவர்களும் சிறியவர்களே.

அணைக்கு அருகில்தான் கொடுமணல் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பச்சைக்கல்லும் சூதுபவளமும் பட்டை தீட்டி மணியாக்கிய ஊர், இரும்பு உருக்கிய ஊர் என்று அகழாய்வு சொல்கிறது. துளை போடாத மணி, பாதி துளைத்த மணி, மெருகேறிய மணி என்று வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் நின்றுபோன கற்கள் மண்ணுக்குள் கிடந்தன. தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அந்தப் பெயர்கள் யாருடையவை, கூலிக்கு மணி கோத்தவருடையவையா பட்டறை வைத்திருந்தவருடையவையா என்று ஓடு சொல்லாது. இன்று அந்தப் பக்கத்துக் கிராமங்களில் காலை ஏழு மணிக்கு வேன் வந்து நிற்கிறது. சாப்பாட்டுத் தூக்கோடு பெண்களும் பையன்களும் ஏறுகிறார்கள்; திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஒன்றரை ஷிப்ட். வேன் கண்ணாடியில் கம்பெனி பெயர் ஒட்டியிருக்கும், ஆனால் பல வேன்கள் கம்பெனிக்குச் சொந்தமானவை அல்ல. ஊருக்குள்ளேயே ஒருவர் தவணையில் எடுத்து வாடகைக்கு ஓட்டுகிறார். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிற பையன், டீசல் எவ்வளவு பிடிக்கும், மாதம் எத்தனை ட்ரிப், தவணை எத்தனை வருஷம் என்று கேட்டுக்கொண்டே வருகிறான்.